கலவனும் கழுதைப் பாதையும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் 'முஸ்லிம் கலவன் பாடசாலை' என்று எழுதியிருக்கும். ஆறாம் தரத்துக்கு வந்து சேரும் பிள்ளைகள் எல்லோரும் கலவன் என்பது ஓர் ஆளின் பெயர் என்றே கொஞ்சக் காலம் நம்புவார்கள். நானும் நம்பினேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் வைத்த சொல் அது என்று எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. 'ன்' என்று முடிந்தால் ஆம்பிளைதானே? ஆகவே கலவன் உப்பில் காசு பார்த்த பெரிய முதலாளி என்றும், காணி கொடுத்தது அவர்தான் என்றும், வேப்பமரத்தடியில் கிடக்கும் இரண்டு கற்களும் அவரை அடக்கிய கபுறு என்றும் நாங்களே முடிவு செய்துகொண்டோம். பரீட்சை நாட்களில் அந்தக் கற்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவை பழைய கொடிக்கம்பத்தின் அத்திவாரம் என்பது பின்னால்தான் தெரியவந்தது. அதற்குள் ஸலாம் சொன்னவர்களும் பெயிலாகத் தொடங்கியிருந்ததால் கலவன் மேல் இருந்த நம்பிக்கை தானாகவே குறைந்துவிட்டது.

புத்தளம் டவுன் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. டவுன்காரர்களுக்கு நாங்கள் பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடம். கல்பிட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கோ டவுன் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் அதைக் குறையாகத்தான் சொன்னார்கள்.

கிடுகுக் கொட்டிலில் ஆரம்பித்த இடம் அது. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சனம் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்கியபோது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு எங்கள் வகுப்பறைகளிலேயே பின்னேரப் பள்ளிக்கூடம் நடந்தது. காலையில் நாங்கள், பின்னேரம் அவர்கள், மேசை ஒன்று. காலையில் மேசையில் நாங்கள் கீறி வைத்த திட்டுக்கு மறுநாள் வரும்போது பதில் கிடைக்கும். யாரென்றே தெரியாதவர்களோடு அப்படி நீண்ட காலம் சண்டை பிடித்தோம். பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். முகத்தைப் பார்த்தபோது திட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஊரும் வந்தவர்களும் கலந்தாயிற்று. பெயர்ப்பலகை சொன்ன அந்தக் கலப்பு மட்டும் வகுப்புக்குள் நடக்கவே இல்லை. இடப்பக்கம் பொடியன்மார், வலப்பக்கம் பெண்பிள்ளைகள், நடுவில் நீளமாக ஓர் இடைவெளி. ஒரு கழுதை தாராளமாகப் போகலாம் என்று யாரோ பகிடியாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குப் பகிடி விளங்காது. ஒருநாள் ஒன்று பின்கதவால் வந்து, அந்த இடைவெளியால் நேராக நடந்து, கரும்பலகையில் இருந்த கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. எங்களில் பலருக்கும் அந்தக் கணக்கு அவ்வளவுதான் விளங்கியிருந்தது. அன்றிலிருந்து அந்த இடைவெளிக்குக் கழுதைப் பாதை என்று பெயர்.

கழுதைப் பாதையின் வலது ஓரத்தில் என் சிநேகிதி இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. இடது ஓரத்தில் இருந்தவனுக்குக் கிரிக்கெட்டில் மட்டும் மூளை வேலை செய்யும். சோதனை நாட்களில் அவன் பக்கமிருந்து ஓர் அழிறப்பர் உருண்டு வரும். அவள் எடுத்து, தன் சரிந்த எழுத்தில் ஏதோ எழுதி, திருப்பி உருட்டி விடுவாள். வகுப்பு முழுக்க அதைப் பார்த்தது. பார்த்த எல்லோரும் காதல் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். வகுப்பில் தொடங்கிய கதை பள்ளிவாசலைத் தாண்டி மீன் சந்தைக்குப் போனது. போன இடத்தில் அதற்குத் தலையும் வாலும் முளைத்தன.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு இரண்டு வீட்டாரும் பேசி நிக்காஹ்வை முடித்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு கிடையாது. எனக்குக் குருநாகலில் ஒரு மாமி இருந்தார், அவர் வீட்டில் தங்கிப் படித்தேன். அவளுக்கு அப்படி ஒரு மாமி இல்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் கணித ஆசிரியையாக அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தேன். இப்போது கணிதப் பிரிவு இருக்கிறது. கணக்குக்கு நான், பௌதிகத்துக்கு உடப்பிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பிக்கும் ஒரு சேர். அந்தப் பிரிவில் இருக்கும் ஒரே பெண்பிள்ளை என் சிநேகிதியின் மகள். களப்புத் தண்ணீருக்கு மேலால் கல்பிட்டிக்கு ஒரு பாலம் போடுவதுதான் அவளுடைய ஆசை. பாலாவியைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும், அதுதான் காரணம் என்பாள்.

போன வருடம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் எழும்பியது. உடனே பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. பெண்பிள்ளைகளை அங்கே அனுப்பித் தனி மகளிர் பாடசாலையாக்கிவிட்டு, பலகையில் இருக்கும் 'கலவன்' என்ற சொல்லையும் அழித்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்காகப் புதுப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிரிந்தால் அந்தப் பிள்ளை கணக்கை விட்டுவிட்டுக் கலைப் பிரிவுக்குப் போக வேண்டும். செயலாளர் வேறு யாருமில்லை, அழிறப்பர் உருட்டிய அதே ஆள். அந்தப் பிள்ளையின் வாப்பா.

அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம். யாரும் சொல்லாமலேயே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் கழுதைப் பாதை அப்படியே இருந்தது.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "ஆம்பிளப் புள்ளையும் பொம்பளப் புள்ளையும் ஒரே வகுப்புல ஈந்தா என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"ஓம், கலியாணம் நடக்கும்! ஒங்களுக்கு நடந்ததுதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் பலபேர் அதே வகுப்பறைகளில் ஜோடி பிடித்தவர்கள் என்பதால் சிரிப்புச் சட்டென்று அடங்கியது.

நான் எழும்பி, அந்தப் பிள்ளையின் கணக்கு என்னாகும் என்று கேட்டேன்.

"டீச்சர், ஒரு புள்ளைக்காக முழு ஊரையும் பாக்காம ஈக்கேலுமா? ஆட்ஸும் படிப்புத்தானே. அவட உம்மா கணக்கு இல்லாம நல்லாத்தானே ஈக்கா."

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை நகர்ந்தது. என் சிநேகிதி எழும்பி நின்றாள். வீட்டுக்கு வெளியே அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"நான் கணக்கு இல்லாம ஈக்கல்ல. எண்ட கணக்கு ஒங்களுட்ட ஈக்கிது. அந்த அழிறப்பர்ல நான் என்னத்த எழுதினன் எண்டு இவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் மைக்கைப் பார்த்தார். மைக் கீச்சிட்டது.

"சரி, நானே சொல்றன். எல்லாரும் காதல் எண்டாங்க. அதுல எழுதியிருந்தது எக்ஸ் எவ்வளவு எண்டு. இவரு கேப்பாரு, நான் விடையை எழுதி உருட்டுவன். இவரு பாஸ் பண்ணினாரு, எனக்குக் கலியாணம் பேசினாங்க. இவரு நல்ல மனிசன், அதுல கொற சொல்ல மாட்டன். ஆனா எண்ட படிப்ப நிப்பாட்டினது ஆம்பிளையோட ஒண்டா படிச்சது இல்ல. சனத்திட கதை. அதே கதைக்குப் பயந்து இப்ப எண்ட மகளையும் நிப்பாட்டப் போறீங்க."

சனம் என்று அவள் சொன்னபோது மண்டபத்தில் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடச் சிநேகிதத்தில் அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதிபர் பதறிப்போய், "காணும், காணும், டீயக் குடிச்சிட்டுப் பேசுவம்" என்று, போதும் என்பதுபோல் இரண்டு கையையும் காட்டினார்.

செயலாளர் மைக்கை வைக்கவில்லை. "விடை ஒருநாளும் பிழைச்சதில்ல" என்றார். பிறகு போய் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுக் கதிரையில்.

டீக்குப் பிறகு அந்த யோசனையை யாரும் எடுக்கவில்லை. புதுக் கட்டடத்தில் இப்போது உயர்தர வகுப்புகள் நடக்கின்றன. ஒன்றுமே செய்யவில்லை என்று ஊர் சொல்லக்கூடாதே என்பதற்காகப் பெண்பிள்ளைகளுக்குத் தனி கேட் ஒன்று வைத்து ரோஸ் நிறம் பூசினார்கள். அச்சாறு விற்கிறவர் பழைய கேட்டில் நிற்பதால் அதை ஒருவரும் பாவிப்பதில்லை. பலகையில் கலவன் இருக்கிறார். ஆறாம் தரப் பிள்ளைகள் இப்போதும் அவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் நடந்தது அன்றிரவே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் நான் உயர்தர வகுப்பில் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினேன். பொடியன்மார் பக்கமிருந்து ஓர் அழிறப்பர் கழுதைப் பாதையைக் கடந்து உருண்டு போனது. ஓரத்தில் இருந்தவனின் பகிடி அது. அவன் பக்கத்தில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிநேகிதியின் மகள் குனிந்து அதை எடுத்தாள். கோபப்படவில்லை. பேனையால் ஏதோ எழுதி, அதே பாதையால் திருப்பி உருட்டிவிட்டுத் தன் கணக்கைத் தொடர்ந்தாள். அவன் எடுத்து வாசித்தான். சிரிப்பு நின்றது, கொப்பியைத் திறந்து தானே கணக்கைச் செய்யத் தொடங்கினான். நான் போய்க் கையை நீட்டினேன், தந்தான். நீல மையில், உம்மாவின் அதே சரிந்த எழுத்தில் இருந்தது:

"உம்மா குடுத்தது காணும்."