பெயர் வெட்டிய டம்ளர்

நான் தினமும் அரிசி அளக்கும் எவர்சில்வர் டம்ளரில் பிங்கி குமாரி என்று பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்து. எத்தனை தேய்த்தும் மங்கவில்லை. அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை. ஏதாவது தோன்றும் என்று சில நாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றும் பார்த்திருக்கிறேன். பிறகு குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவேன்.

பெயர் வெட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் பெரிய டீச்சர். முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அரசு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலை யாரும் அடுத்தவர் டம்ளரில் குடிக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் வாங்கி, நெல்லித்தோப்பில் ஒரு பாத்திரக்கடையில் கொடுத்துப் பெயர் வெட்டி வருவார். கல்யாணச் சீருக்கு வெட்டுகிற அதே மெஷின், அதே காது கிழியும் சத்தம். பள்ளியை விட்டுப் போகும்போது டி.சி.யோடு டம்ளரையும் கையில் கொடுத்து அனுப்புவார். பேரு போட்ட சாமானை நாம வெச்சிக்கக் கூடாது என்பார். அதனால் அலமாரியைத் திறந்தாலே பள்ளியின் நிலவரம் தெரிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாத் தட்டும் நிறைந்திருந்தது. பிறகு கீழ்த்தட்டுக்குத் துடைப்பமும் பினாயிலும் குடிவந்தன.

டம்ளர்கள் குறைந்ததோடு அவற்றிலிருந்த பெயர்களும் மாறின. முன்பெல்லாம் மில் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். மில் போனது, அந்த வீடுகளின் அடுத்த தலைமுறை வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போனது. எங்களிடம் வந்தவர்கள் வீட்டுவேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள், வடக்கேயிருந்து வந்து சேதராப்பட்டு கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள். பாத்திரக்கடைக்காரர் ஒவ்வொரு பெயரையும் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வெட்டுவார்.

இவர்களில் பலர் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வருவார்கள். நாங்கள் தொண்டை வற்றக் கத்திச் சொல்லிக் கொடுப்போம். ஒரு பிள்ளை தடுமாறாமல் வாசிக்க ஆரம்பித்ததும் வீட்டில் ஆசை வந்துவிடும். இவ்வளவு நன்றாகப் படிக்கிற பிள்ளையை இங்கே ஏன் வைத்திருக்க வேண்டும் என்று டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். மிஞ்சியவர்களும் நேற்றுச் சேர்ந்தவர்களும்தான் கல்வித் துறை வைக்கும் அடைவுத் தேர்வை எழுதுவார்கள். அந்த மார்க்கை வைத்து எங்களை அளப்பார்கள். தேறியவர்களின் மார்க்கெல்லாம் வேறு பள்ளிகளின் கணக்கில் ஏறியது. துறைக் கூட்டங்களில் பெரிய டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கள் பள்ளியின் பெயர் வரும்போது எழுந்து நின்று, வசவு முடிந்ததும் உட்காருவார். நான் எரிச்சலில் வெந்துகொண்டிருப்பேன். அவர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

பிங்கி எங்களிடம் வந்தபோது தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'தண்ணி' மட்டும். ஏழாம் வகுப்புக்கு வந்தபோது இறைவணக்கத்தில் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தாள். முத்தியால்பேட்டைப் பேச்சு அவள் வாயில் எங்களை விடச் சுத்தமாக வந்தது. அந்த வருடம் அடைவுத் தேர்வில் தேறாவிட்டால் பள்ளியைப் பக்கத்துப் பெரிய அரசுப் பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். வகுப்பே இரண்டு பெஞ்சில் அடங்கிவிடும். அதில் ஒரு நல்ல பிள்ளை எழுதினாலே சராசரி ஏறும். நாங்கள் அவளைத்தான் நம்பியிருந்தோம். தேர்வுக்கு முந்தைய வாரம் அவளுடைய அப்பா வந்தார். இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, டி.சி. உடனே வேண்டும் என்றார்.

நான் பெரிய டீச்சரைத் தனியாக அழைத்து, ஒரு வாரம் இழுத்தடிக்கலாம், ஏதாவது காரணம் சொல்லலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"எம் பையன் இங்க படிக்கல. உங்க பொண்ணும் இங்க படிக்கல. அந்த மனுசனை மட்டும் இருன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது டீச்சர்?"

அவருடைய மகன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துப் பிரான்சுக்கே போய்விட்டவர். என் மகள் அன்று காலையும் டை கட்டிக்கொண்டு வேன் ஏறியிருந்தாள். நான் போய் டி.சி. புத்தகத்தை எடுத்து வந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அப்பா மகளை இழுத்துக்கொண்டு ஓடினார். அன்று டம்ளர் கழுவுமிடத்திலேயே கிடந்துவிட்டது.

தேர்வு முடிவு எப்படி வரும் என்று தெரிந்ததுதான். பள்ளி இணைக்கப்பட்டது. மூடுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கடைசி நாளில் அழுகை வரும் என்று இரண்டு கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. பெரிய டீச்சர் மற்ற டம்ளர்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை என்னிடம் தந்தார். "அது வந்துச்சின்னா குடுத்துடுங்க" என்றார். ஓய்வு பெற்று மகனிடம் போய்விட்டார்.

நான் இப்போது அந்தப் பெரிய பள்ளியில் இருக்கிறேன். இந்த ஜூனில் பிங்கியும் அவள் அப்பாவும் அங்கே வந்தார்கள். கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்களாம். பீஸ் கட்ட முடியவில்லை. முதலில் பழைய பள்ளிக்குத்தான் போயிருக்கிறார்கள். பூட்டியிருந்ததால் எதிர்த் தையல்கடையில் விசாரித்து இங்கே வந்திருக்கிறார்கள். "அந்த ஸ்கூலு எங்க டீச்சர்?" என்று அவள் கேட்டாள். ஸ்டாப் ரூமுக்கு வழி சொல்கிற மாதிரி, இணைச்சிட்டாங்கம்மா என்று சொன்னேன். மறுநாள் டம்ளரைத் துடைத்து எடுத்துப் போனேன். அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"இங்க யாருக்கும் பேரு போட்டது இல்ல டீச்சர். கிண்டல் பண்ணுவாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அன்று இரவு பெரிய டீச்சருக்குப் போன் செய்தேன். பிங்கி வந்ததைச் சொன்னேன். டம்ளரைக் குடுத்துட்டீங்களா என்று கேட்டார். குடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று என் மகள் அரிசி அளக்கும்போது டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "யாரும்மா இது, பிங்கி குமாரி?" என்று கேட்டாள்.

"எங்க ஸ்கூல் புள்ள" என்றேன்.

எந்த ஸ்கூல் என்று அவள் கேட்கவில்லை. அரிசியைத் தலைதட்டி அளந்து குக்கரில் போட்டாள்.