பேர் போடாமல் ஆட வந்தவள்

பேய்க் கேம்களை நான் ஆடியிருக்கிற அளவுக்கு எங்கள் தெருவில் எவனும் ஆடியதில்லை. எந்தக் கதவைத் திறந்தால் எது குதிக்கும், எந்த மூலையில் போய் நின்றால் அது நம்மைப் பிடிக்கத் தெரியாமல் சுவரிலேயே முட்டிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் ஜின், செய்வினை என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே உட்கார்ந்து உங்களுக்குச் சொல்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், என் கோபம் எப்படிப்பட்டது என்று போகப் போகத் தெரியும்.

என் பெயர் ஷமீமா. ஊர் மரக்காணம். எங்கள் பெரியத்தாவுக்கு, அதாவது அத்தாவின் அண்ணனுக்கு, உப்பு வியாபாரம். அவருடைய மகன் இம்தியாஸ், எனக்கு மூன்று வயது மூத்தவன், அண்ணன் முறை. சின்ன வயதிலிருந்து அவனும் நானும்தான் கேம் கூட்டாளிகள். ஃபோனில் துப்பாக்கிச் சண்டை ஆடும்போது அவனுக்கு அவசரம், கண்டவுடன் சுட்டு மாட்டிக்கொள்வான். நான் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பத்து நிமிஷம்கூட அசைய மாட்டேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவன் ஃபோனை என்னிடம் தள்ளுவான், நான் ஜெயித்துக் கொடுப்பேன், ஜெயித்தது அவன் ஐடியில் ஏறும். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு கேமிங் சென்டர்க்காரர்கள் ஆன்லைன் போட்டி வைத்தார்கள். ஷமீமா என்று பேர் போட்டால் முதல் ரவுண்டு முடிவதற்குள் எவனெவனோ மெசேஜ் அனுப்புவான், அதை அத்தா பார்த்தால் ஃபோனே போய்விடும். அதனால் அண்ணன் ஐடியிலேயே ஆடினேன். ஃபைனலில் பெரியம்மா வீட்டு மாடி ரூமில் உட்கார்ந்து நான்தான் ஆடினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஜெயித்தேன். பரிசு ஒரு விஆர் செட், கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. அதை வாங்க மேடைக்கு அவன்தான் போனான்.

வீட்டில் விஆர் ஆட இடம் இல்லை. கையை வீசினால் ஃப்ரிட்ஜில் படும். மழைக்காலம் வேறு, உப்பளத்தில் வேலை இல்லை, பெரியத்தாவின் குடோனில் ஓரமாகப் பழைய மூட்டைகள் கொஞ்சம் கிடந்ததைத் தவிர மீதி காலி. அங்கே போய் ஆடினோம். தரையெல்லாம் உப்புப் பொருக்கு, வெறுங்காலில் நின்றால் நறநறவென்று இருக்கும். அதில் ஒரு பாக்ஸிங் கேம் இருந்தது. நாலே நாள்தான் ஆடினேன், ஆனால் அந்த நாலு நாளும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. சாப்பிடுகிற கையை அடித்துத் திருத்திவிட்டார்கள், குத்துகிற கையை யாரும் திருத்தவில்லை. வலது கையால் கீழே குத்துகிற மாதிரி காட்டிவிட்டு, இடது கையைக் கீழிருந்து மேலே தாடைக்கு ஏற்றுவேன். செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணனோடு விளையாட்டுக்கு மோதிப் பார்ப்பேன், அவன் ஒரு தடவைகூட அதைத் தடுத்ததில்லை.

விஆர் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். ஃபோன் கேமில் யாருடைய பேரிலும் யாரும் ஆடலாம், அது பெருவிரலோடு முடிகிற விஷயம். விஆரில் உங்கள் உயரம், உங்கள் தோள், நீங்கள் மூச்சு வாங்குகிற விதம் எல்லாம் உள்ளே போய்விடும். பேரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒருத்தரோடு பத்து ரவுண்டு ஆடினால் போதும், அடுத்த தடவை எந்தப் பேரில் வந்தாலும் இது அவர்தான் என்று தெரிந்துவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கையில் என் விஆர் செட்டோடு நிற்கிறான். மரக்காணத்தின் பெருமையாம். எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாயந்திரம் எல்லோரும் இருக்கும்போது, ஆடினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தங்கச்சி ராத்திரியெல்லாம் மைக்கில் யார் யாரோ பையன்களோடு பேசுகிறாள், நான் கண்டித்தேன், அந்தக் கோபத்தில் சொல்கிறாள் என்றான். அவ்வளவுதான். அத்தா என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபோனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்த அனிமேஷன் கோர்ஸையும் நிறுத்திவிட்டார்.

எனக்கு விஆர் செட் வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம். அத்தா எதிரில் அவன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். ஒரு மாசம் அதையேதான் நினைத்தேன். சப்பாத்தி தேய்க்கும்போது அவன் முகத்தை நினைத்துத் தேய்ப்பேன். தொழுகையில் நிற்கும்போதுகூட அவனை அடிக்கிற கணக்குதான் மண்டையில் ஓடியது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அழுது அழுது தலைவலி வந்தது. ஃபோன் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று அம்மா முடிவு கட்டி, புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். காலை பதினொரு மணி இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். அது விட்டால் கண்மணி விரிந்து எல்லாம் மங்கிவிடும், கொஞ்ச நேரத்துக்கு எழுத்து தெரியாது, ஆள் முகம் தெரியாது. பெஞ்சில் வரிசையாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன வேலை? மனதுக்குள் குடோனைக் கொண்டுவந்தேன், அண்ணனை நிறுத்தினேன், ஆட ஆரம்பித்தேன்.

வலதில் போக்கு காட்டி இடதில் தாடை. விழுந்தான். எழுந்திருக்கிற வரை காத்திருந்தேன். முகத்துக்குக் கிட்டே போய், சொல்லு என்றேன். அவன் சொல்லவில்லை. மறுபடியும் தாடை. ஒன்பது தடவை விழவைத்தேன், ஒன்பது தடவையும் சொல்லு, சொல்லு என்றேன். அம்மா என் முழங்கையில் தட்டி, "கைய ஏன்டி ஆட்டிக்கினே இருக்க, பாக்கறவங்க என்னா நெனப்பாங்க" என்றார். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு தொடர்ந்தேன். கடைசியில் அவன் கீழே கிடக்கும்போது, பரிசு வாங்கின அந்த வலது கையைக் காலால் மிதித்தேன். பாக்ஸிங் கேமில் காலுக்கு வேலையே கிடையாது, அதில் கால் என்று ஒன்று தெரியவே தெரியாது. ஆனால் என் மனதில் ஆடுகிற ஆட்டத்துக்கு யார் ரூல் போடுவது? நல்லா அழுத்தி மிதித்தேன். அப்புறம் மனசு லேசாகி, அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் கண்ணை மூடியே இருந்தேன். கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் அம்மாவுக்குப் பெரியம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. இம்தியாஸ் குடோனில் கேம் ஆடும்போது விழுந்துவிட்டான், வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம் என்றார்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்குப் பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. வலது கை என்று கேட்டபோது மட்டும் உள்ளங்கால் ஒரு மாதிரி கூசியது.

பெரியத்தா வீட்டில் அத்தாவும் இருந்தார். அண்ணன் கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவனோடு குடோனில் இருந்த தினேஷ், லாரிக்காரர் மகன், வாசலோரம் நின்றிருந்தான். நான் உள்ளே நுழைந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். மங்கல் குறைந்துவிட்டது, ஆனால் கண்மணி விரிந்து முழுக் கண்ணும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். அண்ணன் என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு அத்தாவைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னான்.

"சித்தப்பா, போட்டில ஜெயிச்சது நான் இல்ல. ஷமீமாதான் ஆடுனா. பசங்களோட பேசுறான்னு சொன்னதும் பொய்தான். நான் சொல்லிட்டேன். சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க."

நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன், அவகிட்ட சொல்லுங்க என்கிறான். அத்தா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

தினேஷை வெளியே கூப்பிட்டு விசாரித்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. அண்ணனும், விஆரில் அவனுக்கு எதிரில் நிற்பதும் சேர்ந்தே தன் ஃபோனில் தெரிகிற மாதிரி கனெக்ட் செய்து, வீடியோ எடுக்க உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் பிராக்டிஸ் மோடில் ஆடியிருக்கிறான், எதிரில் வெறும் பொம்மை. மணி பதினொன்றே கால் வாக்கில் அந்தப் பொம்மை இடதுகைக்காரியாக மாறிவிட்டது. மேலே பேர் வருகிற இடம் காலி.

"யாருனா ஆன்லைன்ல வந்துருப்பாங்கன்னு பாத்தேன். டேட்டா காலையிலயே தீந்து போச்சும்மா. நெட்டே இல்ல. வலதுல ஏமாத்திட்டு இடதுல குத்துது. இவன் வேணாம், வேணாம்னு கத்துறான். கழட்டுடான்னா, கழட்டுனா கிட்ட வந்துடும்ங்கறான்."

எத்தனை தடவை விழுந்தான் என்று கேட்டேன். எட்டோ ஒன்பதோ என்றான். கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டேன். கடைசித் தடவை அண்ணன் காலிடறி மல்லாந்து விழுந்தானாம், அதுவரை கை முறியவில்லையாம். விழுந்த பிறகு ஃபோனில் அந்தப் பொம்மை குனிந்து பார்த்திருக்கிறது. அதற்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு கால் வந்தது என்றான். அந்த நிமிஷம்தான் மணிக்கட்டில் சத்தம் கேட்டிருக்கிறது.

வீடியோவைக் காட்டு என்றேன். எடுத்த வீடியோவில் அண்ணன் மட்டும்தான் இருந்தான். எதிரில் யாரும் இல்லாமல் ஒன்பது தடவை விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் நான் மனதில் ஆடியதை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம் தனியாகக் கேட்டேன், அது ஏதாவது பேசியதா என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டே, "ஒரே வார்த்தைதான். உன் குரல்லதான்" என்றான். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

அத்தா அன்றிரவே பீரோவைத் திறந்து ஃபோனை எடுத்துக் கொடுத்தார். தப்பு பண்ணிட்டேன் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கோர்ஸ் விசாரிக்க அவரே என்னோடு பஸ் ஏறினார். ஃபிளெக்ஸைப் பெரியத்தா இறக்கிவிட்டார். விஆர் செட்டை என்னிடம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், ஏன் வாங்கக்கூடாது, நான் ஜெயித்தது. என்னோடு இதுவரை எதுவும் பேர் போடாமல் ஆட வந்ததில்லை.

பெருநாள் அன்று அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டான். கட்டுப் பிரித்திருந்தார்கள், கை மெலிந்து போயிருந்தது. "விடுண்ணே, முடிஞ்சு போச்சு" என்றேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே விட்டுவிட்டேன். அவன் கட்டிக்கொண்டு அழுதான், நானும் அழுதேன். ரெண்டு மாசத்தில் அவன் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு எடிட்டிங் வேலை, படிப்பு என்று நேரமே இல்லை. அவனை நினைத்தே வாரக்கணக்காகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். ஏதோ தற்செயல் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பெருமுக்கல்லில் என் கிளாஸ்மேட்டின் அக்கா கல்யாணம். மதியம் சாப்பிட்டுவிட்டு, மணப்பெண்ணோடு செல்ஃபி எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. லீவு நாள் என்று ரூம் ஆட்கள் அவனை மாலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், அங்கே விஆர் வைத்திருக்கிறார்கள். பாக்ஸிங் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, ஏரியில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற கேம் கேட்டிருக்கிறான். அதைவிடச் சாதுவான கேம் உலகத்தில் இல்லை, நான் ஆடியிருக்கிறேன், அதில் உங்களைத் தவிர ஆளே கிடையாது. அவனுக்கு எதிர்க்கரையில் ஒருத்தி நின்றாளாம். இரண்டாவது மீன் மாட்டும்போது தண்ணீரில் முழங்கால் அளவு நின்றாளாம். மூன்றாவது தூண்டில் அவன் போடவில்லை.

"தங்கச்சி, நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. இன்னும் என்னா வேணும் உனக்கு?" என்று அழுகிறான்.

மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் அரை மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நிமிஷம் நிமிஷமாக யோசித்தேன். கத்திரிக்காய்த் தொக்கு நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். பெண்ணின் கம்மலைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவனை நான் நினைக்கவே இல்லை. என்னிடம் அந்தக் கோபம் ஒரு சொட்டுகூட இல்லை.

அது நான் இல்லண்ணே என்று டைப் செய்து அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டான். ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டிருக்கிறான் என்று காட்டியது. கடைசியில் வந்தது ஒரே வரிதான்.

"தெரியும்மா. நீ மன்னிச்சிட்டன்னு அதுக்குத் தெரியல."