பின்னல் பிரியும்வரை திரை விழாது

மூன்று ஆண்டுகளுக்கு முன், சிகாமட் பட்டணத்துச் சீனப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில் நடந்தது இது. நான் அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தாலும் எங்களுக்கு ஒரு பேருந்து நிறையாது. மண்டபம் கிடையாது. சபை கூடுவதும் சிற்றுண்டிச்சாலையில்தான், பேச்சுப்போட்டியும் அங்கேதான். பிள்ளைகள் முழங்கிக்கொண்டிருக்க, பின்னால் ஓர் அம்மா மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருப்பார்.

அந்தச் சீனப்பள்ளிக்கோ பெரிய மேடை, விளக்குகள், கயிற்றை இழுத்து மூடும் சிவப்புத் திரை எல்லாம் உண்டு. இரண்டு தலைமையாசிரியர்களும் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் ஒன்றாகக் கூடுவது. அவர்கள் எங்களுக்கு முரசு கற்றுக்கொடுப்பது, நாங்கள் அவர்களுக்குக் கோலாட்டம். ஆண்டு இறுதிக் கலைநிகழ்ச்சி நன்றாக அமைந்தால் தொடரலாம், இல்லையென்றால் சனிக்கிழமையைப் பாடத்துக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு. எங்கள் பெற்றோரிலேயே, "ஆட்டம் பாட்டம்னா மார்க் வருமா டீச்சர்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். சாதாரணக் கோலாட்டம் போதாது, பின்னல் கோலாட்டம்தான் என்று நின்றேன்.

மேலே ஒரு வளையத்திலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருபவரை ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே கடந்து ஆட, கயிறுகள் சடையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடிப் பிரிக்க வேண்டும். ஒருவர் தப்பாகக் கடந்தாலும் சிக்கிக்கொள்ளும். பின்னியதைப் பிரிக்காமல் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்பது முதல் நாளே நான் போட்ட சட்டம்.

எங்களில் நால்வர், அவர்களில் நால்வர். எங்கள் பிள்ளைகள் பாட்டைக் கேட்டு அடி வைப்பார்கள். அவர்களோ வாய்க்குள் "யீ, ஆர், சான்" என்று சீனத்தில் எண்ணிக்கொண்டே ஆடுவார்கள். எண்ணாதீர்கள், பாட்டைக் கேளுங்கள் என்று தெரிந்த மொழியிலெல்லாம் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கலைநிகழ்ச்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்னல் அழகாக விழுந்தது, கைதட்டலும் வந்தது. பிரிக்கத் தொடங்கினார்கள். பாதியில் கயிறுகள் விறைத்து நின்றன. யாரோ உள்ளே போகவேண்டிய இடத்தில் வெளியே போயிருக்கிறார்கள். பிள்ளைகள் பயந்துபோய் இழுக்க, சிக்கு இன்னும் இறுகியது. பாட்டு யாருக்காகக் காத்திருக்கும்? அது பாட்டுக்கு முடிந்துவிட்டது.

திரைக்குப் பொறுப்பாக இருந்த சீன ஆசிரியை ரொம்ப நல்லவர். பிள்ளைகள் எல்லார் முன்பும் அவமானப்பட வேண்டாமே என்று திரைக்கயிற்றில் கை வைத்தார். "தூத்துப் லா, சிகு. கசியான் புடாக்-புடாக்," என்றார். மூடிவிடலாம் டீச்சர், பிள்ளைகள் பாவம் என்று மலாய்மொழியில் சொல்கிறார். இப்போது திரை விழுந்தால் அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. பாய்ந்து போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "ஜாங்கான்! துங்கு டூலு!" வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் போட்ட சத்தம் முன்வரிசை வரை கேட்டிருக்கும்.

மேடையில் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி, குழுவிலேயே குள்ளமானவள், இடுப்பில் ஒரு கையை வைத்தபடி மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"டேய், யாரும் இழுக்காதீங்க. மஞ்சக் கயிறுதான் மாட்டிருக்கு."

மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்த சீனப் பையன் கண்கலங்கி நின்றான். அவள் அவனிடம் மலாய்மொழியில், "தாக் அப்பா. மாரி சினி," என்றாள். பரவாயில்லை, இந்தப் பக்கம் வா என்று. பச்சைக் கயிற்றுக்கு அடியில் குனிந்து வரச் சொன்னாள். அவன் வந்தான். சிக்கு தளர்ந்தது.

ஆனால் யாரும் நகரவில்லை. பாட்டு இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்குக் கால் எழவில்லை. அப்போது அந்தப் பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தான். "யீ, ஆர், சான்..." நான் வாரக்கணக்கில் அடக்கிவைத்த அதே எண்ணிக்கை, இப்போது வாய்விட்டு. மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த சுற்றில் எங்கள் குள்ளச்சியும் சீனத்தில் எண்ணினாள். எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கும்வரை அவர்கள் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, சீன ஆசிரியை என்னைத் தொட்டார். "சிகு, செகாராங் போலே தூத்துப்?" இப்போது மூடலாமா என்று அவர் கேட்டபிறகுதான், திரைக்கயிற்றை நான் இன்னும் விடவில்லை என்பதே தெரிந்தது.

சனிக்கிழமைகள் இன்றும் தொடர்கின்றன. பாட்டும் ஒலிக்கிறது, எண்ணிக்கையும் கேட்கிறது, நான் கத்துவதில்லை. ஏதாவது ஒன்று பாதியில் சிக்கி, போதும், மூடிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணிய அந்தக் குரல் என் காதில் விழுகிறது. பிடித்த கயிற்றை நான் விடுவதில்லை.