வாவிக்குப் போகிற ஆள்

ஸ்டெல்லா டீச்சர் காலமான செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. ஒரு மெழுகுவர்த்திப் படம், அதன் கீழே "புளியந்தீவின் தவப்புதல்வி" என்ற வரி. அனுப்பியவர் அந்த இரும்புக் கதவின் சொந்தக்காரர். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எந்தக் கதவு என்று டீச்சரை அறிந்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தீவில் டீச்சரின் வீட்டை ஒட்டி, இரண்டு பழைய மதில்களுக்கு நடுவே ஆள் நடந்து போகும் ஓர் ஒழுங்கை இருக்கிறது. அதன் முடிவில், தீவைச் சுற்றிக் கிடக்கும் வாவிக்குள் இறங்கும் கற்படிகள். பாலங்கள் வருவதற்கு முன்னர் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து நெல்லும் தயிர்ச் சட்டியும் ஏற்றி வந்த தோணிகள் ஒதுங்கிய துறை அது. மற்றப் பக்கத்து ஒல்லாந்தர் காலத்து வீட்டை வாங்கி விடுதியாக்கியவர், ஒழுங்கையின் வாயிலில் கதவு போட்டுப் பூட்டினார். ஊர்த்துறை விடுதிக்காரரின் வாவிக்கரை ஆகிவிட்டது.

டீச்சரும் நானும் ஒரே பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர்கள். நான் பாலத்துக்கு அப்பால் இருக்கும் கல்லடிக்காரி. தீவில் பிறக்காத எவரையும் அவர் முழு மனிதராக மதித்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். நான் பிந்தி வந்தால், "பாலத்துக்கு அங்கால ஆக்கள் எங்க நேரத்துக்கு வாற!" என்பார், அதிபருக்குக் கேட்கும்படியாக. கோட்டை மதிலில் படுகிற பின்னேர வெயிலையும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் கோயில் மணிகளையும் பேச ஆரம்பித்தால் மேசையில் தேநீர் ஆறிப்போகும்.

"சுத்திவரத் தண்ணி, நடுவில நாங்க. உங்கட கல்லடியில என்ன கா இருக்கு?"

"கடல் இருக்கு டீச்சர்."

"கடல் ஆருக்குத்தான் இல்ல!"

இப்படிப்பட்ட பெருமைக்காரிதான், தீவுக்கு வெளியே இருந்து வந்தவர்களின் துறைக்காக ஊரோடு மல்லுக்கு நின்றார். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல் அதைக் கேட்டே விட்டேன். "பாலம் நேத்து வந்தது கா. சனம் துறையாலதான் இந்தத் தீவுக்குள்ள வந்தது. கோட்டை கட்டினவன் போயிட்டான், துறைக்கு வாறவங்க எங்கட ஆக்கள்" என்றார். என்னையும் அந்த "எங்கட ஆக்க"ளில் சேர்த்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கதவை எடுக்கச் சொல்லி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வேறோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். டீச்சர் தன் வழியில் போனார். பின்னேரத் தேநீர் குடித்ததும் கதவைத் தட்டுவார். உள்ளிருந்து விடுதிக் காவலாளி "ஆரு?" என்பார். "வாவிக்குப் போற ஆள்." பெயர் சொல்ல மாட்டார். தயவு கேட்கவும் மாட்டார். அநேகமான நாட்களில் கதவு திறக்காது. காவலாளிக்கு மனம் இளகிய நாட்களில், தெருவில் போகிற ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்.

விடுதிக்காரர் ஒரு முறை கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். "உங்களுக்கு மட்டும் ஒரு சாவி டீச்சர். எப்ப வேணுமெண்டாலும் போய் வாங்க" என்றார். டீச்சர் சாவியைக் கேக் பெட்டிக்கு மேல் வைத்து இரண்டையும் அவர் பக்கமே தள்ளிவிட்டார். அவர் போன பிறகு நான் சண்டை பிடித்தேன். முழங்கால் விட்டுப்போன நேரத்தில் என்னத்துக்கு இந்த வீம்பு?

"சாவிய வாங்கினா, கதவு அவருடையதெண்டு நானே சொன்ன மாதிரிக் கா."

நியாயம்தான். ஆனால் கடைசி மாதங்களில் அவர் கட்டிலில் கிடந்தபோது யன்னலில் தெரிந்தது அந்த மதில் மட்டுமே. வாவி அதற்கு அப்பால் கல்லில் மோதுகிற சத்தம் கேட்கும். நாங்கள் யாரும் அந்தக் கதவைக் கழற்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. டீச்சர் மேலும்தான், நம் எல்லோர் மேலும்தான்.

அடக்கத்தன்று அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். வேறெங்கும் இல்லை, அந்தக் கதவில்தான். விடுதிக்காரர் குரல் தழுதழுக்கப் பேசி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். "டீச்சர்ட நினைவா இத நீங்க வச்சிருங்க மிஸ்." அதே சாவி. சனம் முழுக்கக் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும் போலிருந்தது.

"சாவி வேணாம் ஐயா. கதவக் கழட்டுங்க."

துக்கத்தில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்பதுபோல அவர் சனத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பதிலைத்தான். மறுநாள் பின்னேரம் பாலத்தைக் கடந்து போனேன். பதாகை அப்படியே தொங்கியது. அவர் படத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"வாவிக்குப் போற ஆள்."

காவலாளியின் குரல் மெதுவாகக் கேட்டது. "டீச்சர் மோசம் போயிட்டாவே, நேத்துத்தானே அடக்கம்."

"ஓம். நான் பாலத்துக்கு அங்கால ஆள். திறங்க."