மிளகாயின்ரை முதுகிலை ரெண்டு சுத்து

குஞ்சு, உன்ரை மிளகாயிலை நான் ஏறிட்டன்.

முதல்லை அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதெல்லாம். இந்த இணையப் பக்கத்தைத் திறந்து தந்து, ஃபோனிலை தமிழ் அடிக்கப் பழக்கினது நீதான். "அம்மா, எத்தினை மணி, எவ்வளவு காசு, எவ்வளவு தூரம் எண்டு சரியாப் போடுங்கோ. சனம் அதைத்தான் தேடும்" எண்டு சொன்னனி. கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு பஸ்ஸிலை போறது எப்பிடி எண்டு எழுதினதுதான் கடைசி. அதுக்குப் பிறகு ஒண்டரை வருசமா ஒண்டும் எழுதேல்லை.

வாசிக்கிற ஆக்களுக்கு ஏன் எண்டு சொல்லவேணும். நான் குஞ்சு எண்டு கூப்பிடுற என்ரை மகள் தர்சினி, இருபத்திமூண்டு வயசு, வேலைக்குக் கார் ஓடிக்கொண்டு போகேக்கை ரோட்டிலை செத்துப்போனாள். நான் டண்டினொங்கிலை மரக்கறி வெட்டிப் பைக்கற் பண்ணுற ஃபாக்டரியிலை வேலை செய்யிறன். எட்டாம் வகுப்போடை நிண்டவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தர்சினி மிருக ஆஸ்பத்திரியிலை நர்ஸ். மாதத்துக்கு ஒருக்கா ஸ்விஃப்ட்ஸ் கிரீக் எண்ட மலை ஊருக்குப் போவாள். அங்கை ஜூன் எண்டு ஒரு மனிசி. மலையிலை பிடிபட்ட காட்டுக்குதிரையளை எடுத்து, பழக்கி, நல்ல ஆக்களுக்குக் குடுக்கிறவ. அதுகளை இஞ்சை பிரம்பி எண்டு சொல்லுவினம். அதிலை ஒரு சிவலைப் பெட்டைக் குதிரையை "இது என்ரை" எண்டு தர்சினி பிடிச்சுக்கொண்டாள். கிட்டப் போனாலே சீறும். அதாலை மிளகாய் எண்டு பேர் வைச்சாள். ஜூனுக்கு அது வாயிலை நுழையாது, அவ மில்லி எண்டுதான் கூப்பிடுறவ.

இந்த மார்ச்சிலை ஜூன் ஃபோன் எடுத்தா. தர்சினி போனதுக்குப் பிறகு அந்தக் குதிரை ஒருத்தரையும் கிட்ட எடுக்கேல்லையாம். குளிருக்கு முன்னம் இன்னும் ஆறு குதிரை வருகுதாம், நிப்பாட்ட இடமில்லையாம். ஆள் ஏறேலாத குதிரையை ஒரு வீட்டுக்காரரும் கேக்க மாட்டினம், ஏப்ரல் முடிய ஏலத்துக்கு அனுப்பவேணும், வந்து ஒருக்காப் பாத்திட்டுப் போறியா எண்டா.

"ஏலத்திலை அப்பிடிக் குதிரையை ஆர் வாங்குவினம்?"

"இறைச்சிக்காரர்" எண்டா ஜூன்.

"நான் வந்து பழக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டன். யோசிச்சுச் சொன்னதில்லை. வாய் சொல்லிப்போட்டுது.

பக்கத்து யூனிற் சாந்தி அக்கா கேட்டுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அடியே, நாய் குலைச்சாலே ரோட்டுக்கு அங்காலை மாறுறனி. நீ குதிரை பழக்கப் போறியோ? வாயிலை எத்தினை பல்லு இருக்கெண்டு எண்ணிப்போட்டுப் போ. வரேக்கை சரி பாக்கலாம்."

எனக்கு, கன வருசம் வேலை செய்தவைக்குத் தாற லோங் சேர்விஸ் லீவு கிடந்தது. அதிலை மூண்டு கிழமை எடுத்தன். திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி டண்டினொங் ஸ்டேசனிலை பெயான்ஸ்டேல் ரயில். டிக்கெற் பதினொரு டொலர் சொச்சம். ஜன்னல் பக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வெறும் புல்லும் மாடும்தான். சாப்பாடு கொண்டு போங்கோ. நான் புட்டும் கட்டச் சம்பலும் கொண்டு போனனான். பதினொரு மணி தாண்டிப் போய்ச் சேந்தன். அங்கையிருந்து தொண்ணூற்றஞ்சு கிலோமீற்றர், ஆத்தோடை வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்டு, ஒண்டேகால் மணித்தியாலம். ஜூன் பின்னாலை தட்டு வைச்ச தன்ரை யூட் வாகனத்திலை வந்து ஏத்தினா. வாந்தி வாறவை குளிசை போட்டுக்கொண்டு ஏறுங்கோ. நான் போடேல்லை. ரெண்டு தரம் நிப்பாட்டச் சொன்னனான்.

ஜூனுக்கும் என்ரை வயசுதான், அம்பத்திநாலு. இடுப்பிலை எப்பவும் ஒரு கயிறு. ஒரு சின்ன அறை தந்தா, கிழமைக்கு நூற்றம்பது டொலர், குசினி பொது. இரும்புக் கம்பி அடிச்ச வட்டப் பட்டிக்குள்ளை மிளகாய் நிண்டது. என்னைக் கண்டதும் காதைப் பின்னாலை மடிச்சுது. உன்ரை கோவம் மாதிரியே இருந்தது குஞ்சு, நாக்கை நீட்டாததுதான் குறை.

அங்கைதான் நான் முதல் பிழை விட்டன். எங்கடை ஆக்கள் ஆர் வீட்டுக்கும் வெறுங்கையோடை போறேல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு போனனான். ஜூன் பாக்காத நேரம் கம்பிக்குள்ளாலை நீட்டினன். சாப்பிட்டுது. ரெண்டாம் நாளும் சாப்பிட்டுது. எனக்கெண்டால் வெற்றி எண்ட நினைப்பு. மூண்டாம் நாள் பழம் முடிஞ்சுது, வெறுங்கையை நீட்டினன். முழங்கைக்குக் கீழை பிடிச்சுக் கடிச்சுது. பல்லு அடையாளம் இப்பவும் கிடக்குது.

ஜூன் மருந்து போட்டுப்போட்டு நல்ல ஏச்சு ஏசினா. "சாப்பாடு குடுத்துச் சினேகம் பிடிக்கலாம் எண்டு நினைச்சியா?"

"பசிச்ச பிள்ளைக்குச் சோறு போடாமல் வேறை எப்பிடிப் பழகிறது?"

"அது பசியிலை நிக்கேல்லை, பயத்திலை நிக்குது. அதுக்கு வேணுமெண்டது ஒண்டே ஒண்டுதான். நீ தள்ளிப் போறது."

அவவின்ரை முறை இதுதான். பட்டிக்குள்ளை போய்ச் சும்மா நிக்கவேணும். குதிரை ஒரு காதையாவது எங்கடை பக்கம் திருப்பினால், உடனை முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போகவேணும். அதுதான் அதுக்குச் சம்பளம். தன்னைப் பாத்தால் ஆள் போகும் எண்டு தெரிஞ்சால் பாக்கப் பயப்பிடாதாம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டப் போகலாமாம்.

எனக்கு இது ஏலாமல் கிடந்தது. பாக்கிற பிள்ளையை விட்டிட்டு, ஒண்டும் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு போறதோ? எங்கடை வீட்டிலை கடைக்குப் போறதெண்டாலும் சொல்லாமல் போறேல்லை. "போறன்" எண்டும் சொல்லக்கூடாது, போய்த் திரும்பி வாறன் எண்டுதான் சொல்லவேணும். அதாலை, அது காதைத் திருப்பின நேரமெல்லாம் "போட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு விலகினன். அஞ்சு நிமிசத்தாலை திரும்பிப் போவன். திரும்பவும் போட்டு வாறன். ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது தரம். ஜூன் கம்பியிலை சாஞ்சுகொண்டு, "என்ன மந்திரம் ஓதுறாய்?" எண்டு பகிடி பண்ணினா.

ஒன்பதாம் நாள் கழுத்திலை கை வைச்சன். தோல் நடுங்கினது, ஆனால் கால் அசையேல்லை. போட்டு வாறன் எண்டு கையை எடுத்தன். எடுத்த கைக்குப் பின்னாலை ஒரு அடி வைச்சு வந்தது. ஜூன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. பன்ரெண்டாம் நாள் தலைக்கயிறு போட்டம். பதினைஞ்சாம் நாள் சேணம் வைக்க, அது பட்டி முழுக்கத் துள்ளிக் குதிச்சு, நான் கம்பிக்கு மேலாலை வெளியிலை விழுந்தன். அண்டைக்கு ஜூன், "ஏலத்து லொறிக்குச் சொல்லி வைக்கவேணும், எதுக்கும் மனசைத் தயார்படுத்து" எண்டா. நான் சாப்பிடேல்லை. விடிஞ்சதும் திரும்பவும் பட்டிக்குள்ளை போய் நிண்டன்.

பதினெட்டாம் நாள் ஜூன் ஏறினா. முதுகை வில்லு மாதிரி வளைச்சுக்கொண்டு நிண்டுது. அடுத்தது துள்ளல்தான் எண்டு மூண்டு பேருக்கும் தெரியும், குதிரைக்கும் சேத்துத்தான் சொல்லுறன். நான் அதின்ரை மூக்குக்கு நேரை நிண்டு, "போட்டு வாறன் பிள்ளை" எண்டு சொல்லி ரெண்டு அடி பின்னாலை வைச்சன். பெரிய மூச்சு ஒண்டு விட்டுது. தலை பதிஞ்சுது. மெல்ல என்னட்டை நடந்து வந்தது, மேலை ஜூனோடை.

இருபதாம் நாள் நான் ஏறினன். தொப்பி போட்டு, சப்பாத்துப் போட்டு, ஜூன் கயிறு பிடிக்க, வட்டப் பட்டியிலை ரெண்டு சுத்து. ரெண்டாவது சுத்திலை கயிறைக் கழட்டிப்போட்டா, எனக்குச் சொல்லேல்லை. தெரிஞ்சிருந்தால் குழறியிருப்பன். அம்பத்திநாலு வயசிலை, மலையிலை பிடிபட்ட குதிரையின்ரை முதுகிலை, நாய்க்குப் பயந்த நான்! சாந்தி அக்காவுக்கு வீடியோ அனுப்பினன். "பல்லு எல்லாம் இருக்குது, எண்ணிப் பாருங்கோ." அவ திருப்பி அனுப்பினது முழுக்க அழுகைதான்.

ஜூன் ஏலக்காரனுக்கு ஃபோன் எடுத்து லொறியை நிப்பாட்டினா. மிளகாய் இப்ப என்ரை பேரிலை நிக்குது, மேய்ச்சலுக்கு மாதம் நூற்றறுபது டொலர், ஞாயிற்றுக்கிழமையிலையும் வேலைக்குப் போறன். பட்டிக் கதவிலை மில்லி எண்ட பலகையைக் கழட்டிப்போட்டு, மிளகாய் எண்டு தமிழிலை என்ரை கையாலை எழுதித் தொங்கவிட்டன். எழுத்துக் கொஞ்சம் கோணல், ஆனால் தூரத்திலை நிண்டே தெரியும்.

போக நினைக்கிறவைக்கு: ஏப்ரல் நல்லம், ஈ இலையான் இல்லை, காலமைக் குளிருக்கு ரெண்டு சுவெற்றர் காணும். கணுக்கால் மூடின சப்பாத்து கட்டாயம். ஃபோன் சிக்னல் ஊர்க்கடை வாசலிலை மட்டும்தான். ஒரு நாளிலை போய்ப் பாத்திட்டு வாற இடமில்லை. ரெண்டு கிழமை இல்லாட்டிப் போகாதேங்கோ. வாழைப்பழம் கொண்டு போகாதேங்கோ.

வெளிக்கிடேக்கை கம்பியடியிலை நிண்டு போட்டு வாறன் எண்டு சொன்னன். மிளகாய் புல்லுச் சப்பினபடியே காதைத் திருப்பினது, பயமில்லாமல். நான் திரும்பி வருவன் எண்டு அதுக்குத் தெரியும்.

நீ கடைசியா வேலைக்கு வெளிக்கிட்ட அண்டைக்குக் காலமை நான் குசினிக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டு அரிசி கழுவிக்கொண்டு நிண்டனான். கதவு சாத்தின சத்தம் மட்டும்தான் கேட்டது. குஞ்சு, நீ போட்டு வாறன் எண்டு சொன்னனியோ?