பென்சில் புள்ளி

எங்கள் சமுதாயக் கல்லூரி முதல்வருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் மேஜையில் எந்தத் தாளும் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. போன வாரம் பல கல்லூரி முதல்வர்கள் கூடிய கூட்டத்தில், தலைமைப் பொறுப்பின் இன்பமும் சோதனையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அங்கேயும் இதைச் சொல்லித்தான் மார்தட்டிக்கொண்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. கூடப் போயிருந்த நானும் வெட்கமில்லாமல் தட்டினேன்.

அந்த வேகத்தின் ரகசியம் என் பென்சில். நான் தலைமை எழுத்தர். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துத் தாள்கட்டை நீட்டுவேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே புள்ளி புள்ளியாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். பதினோரு வருடப் பழக்கம். தங்கமான மனிதர், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் விசாரிப்பார். தாளை மட்டும் படிக்க மாட்டார்.

அப்படிப் போன ஒரு கட்டில், ஆள் குறைந்த மாலை வகுப்புகளை நிறுத்தும் ஆணையும் இருந்தது. தலைப்பைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நானும் புள்ளி வைத்தேன். எலெக்ட்ரீஷியன் வகுப்பு நின்றது. தேர்வுக்கு மூன்றே வாரம் பாக்கி. அதில் படித்த ஒன்பது பேரில் ஒருவர், எங்கள் அறையைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. தேறியிருந்தால் இங்கேயே பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்திருக்கும்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, முதல்வர் உற்சாகமாக அக்காவிடம் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். சேரச் சொல்லி வற்புறுத்தியவரே அவர்தான். வகுப்பு நின்று ஒரு மாதம் ஆயிற்று என்றார் அக்கா.

"யாரு நிறுத்தினது?"

"நீங்கதான் சார்."

ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே என்று தடுமாறினார்.

"உங்க கையெழுத்து இருந்துச்சு. யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்கு இந்தப் படிப்பு வராதுன்னு உங்களுக்குத் தோணிருச்சு போலன்னு விட்டுட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முதல்வரும் நானும் அக்காவைப் பற்றி நினைக்கவே இல்லை. அவரோ, நாங்கள் நன்றாக யோசித்துத்தான் தன்னை ஒதுக்கினோம் என்று நம்பி, ஒரு மாதமாக எங்கள் காலடியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல்வர் யார் யாருக்கோ தொலைபேசி செய்து பார்த்தார். தேர்வு முடிந்துவிட்டது, பராமரிப்புப் பிரிவுக்கும் ஆள் வந்துவிட்டார். வகுப்பை மறுபடி திறக்கும் ஆணையைத் தன் கையாலேயே எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி அக்காவிடம் நீட்டினார். அக்கா நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். வேலைக்குத்தான் ஆள் வந்தாச்சே."

தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அந்த ஆணையில் நான் புள்ளி வைக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் அங்கேயே கிடந்தது.