காகிதப் பட்டு

போன வாரம் பக்கத்து பிளாக்கில் இருக்கும் தோழியின் பேரனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. முழுக்கக் கறுப்பு. அதில் பொன்னெழுத்து. கொண்டுவந்த மாப்பிள்ளைப் பையன், "நல்லா இருக்கா ஆன்ட்டி? சில்க் ஃபினிஷ்" என்றான். நன்றாக இருக்கிறது, இரு, காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன். இன்னும் ஏகப்பட்ட வீடு பாக்கி என்று லிஃப்டில் ஏறிவிட்டான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவள்தான், அடுப்பில் சாதம் தீய்ந்து வாடை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். காகிதத்தில் பட்டு இழை ஓடியது. மெஷின் போட்ட இழை, ஒன்றுகூடக் கோணவில்லை. எங்கள் தனம் அக்கா போட்ட இழை கோணும். கோணினால்தான் தறியில் நெய்தது மாதிரி இருக்கும் என்பாள்.

அம்மா சீக்கிரமே போய்விட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, அக்கா, நான் என்று மூன்றே பேர். அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே வெங்காய மண்டி. நான் சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். சேலைகளைப் பிரித்துக் காட்டுவதும், வாங்காமல் போனவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்ப மடிப்பதும்தான். கடையில் விழும் வெட்டுத்துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வருவேன். அக்காவுக்கு அவை வேண்டும்.

அக்கா வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டைகள் செய்தாள். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள். எங்கள் தேக்கா வட்டாரத்தில் அவற்றுக்குத் 'துணி கார்டு' என்று பெயர். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, சாயம் கலந்து, தடித்த தாளில் பூசுவாள். ஈரம் காய்வதற்குள் மேலே கொசுவலைத் துண்டைப் பரப்பி, காலி சோடா பாட்டிலை உருட்டி, வலையை மெல்ல உரிப்பாள். தாளில் பருத்தி நெசவு விழுந்திருக்கும். சாக்குத் துண்டு என்றால் கதர். பட்டுக்குத்தான் சிரமம். அடியில் ஒரு நிறம் பூசிக் காயவிட்டு, மேலே இன்னொரு நிறம் பூசி, பல் நெருங்கிய சீப்பால் நெட்டுவாக்கில் ஓர் இழுப்பு, குறுக்குவாக்கில் ஓர் இழுப்பு. காய்ந்தபின் கரண்டியின் முதுகால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். சாய்த்துப் பார்த்தால் அரக்கு, நிமிர்த்தினால் பச்சை. நானும் சீப்பை எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். கோழி கிளறிய குப்பை மாதிரி வந்தது. அக்கா சிரித்துவிட்டு, "நீ துணி மட்டும் கொண்டு வா, போதும்" என்றாள். ஓர் அம்மாள் அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்டார். அக்கா அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

அக்காவுக்கு வரன் அமைந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் இருந்த ராஜமாணிக்கம். அவருடைய அம்மாவும் அண்ணனும் மன்னார்குடிப் பக்கம் ஊரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து ரம்புத்தான் பையோடு வருவார். அப்பாவுக்குப் பயந்து அக்காவிடம் ஒன்றும் பேசமாட்டார். காய்கிற கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். கார்டு தலைகீழாக இருப்பதுகூடத் தெரியாமல் பார்ப்பார். அக்கா அச்சகத்துக்குப் போகவேண்டாம் என்றாள். என் கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்வேன், என் கூறைப்புடவை மாதிரியே செய்வேன் என்றாள். அரக்குப் பட்டு, நான்கு விளிம்பிலும் ஜரிகைக் கரை, நடுவில் அவள் கையெழுத்து. ஜரிகைக்கு சைனாடவுனில் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் வாங்கும் கடையில் பொன்பொடி என்று விற்கும் பித்தளைப் பொடி வாங்கி வந்தோம். அப்படியே மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். அக்கா கண்ணை மூடி நின்ற நேரத்தைப் பார்த்து நான் கிண்டல் செய்தேன்.

மழைக்காலம். கஞ்சிப் பசை விடிவதற்குள் பூசணம் பிடித்தது. பத்திரிகை செய்து முடிக்கிற வேகத்தில் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. கீழே மீ என்கிற நூடுல்ஸ் விற்கும் சீனர் பச்சைமிளகாயை வினிகரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்; வாரக்கணக்கில் கெடாது. அதைப் பார்த்துப் பழகிய கண். பசையிலும் வினிகர் ஊற்றினாள். பூசணம் வரவில்லை. பொன்பொடியை அந்தப் பசையிலேயே குழைத்துக் கரை தீட்டினாள். தங்கமாக ஜொலித்தது. அப்பா ஒன்றைக் கையில் எடுத்து, கிழிந்துவிடுமோ என்பதுபோல உடனே கீழே வைத்துவிட்டார். மூலைகளுக்கு மஞ்சள் தடவி, ஊருக்குப் போகவேண்டியவற்றை முதலில் கப்பல் தபாலில் போட்டோம். உள்ளூருக்கு உள்ளவை டிரங்குப் பெட்டியில் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு ராஜமாணிக்கம் ரம்புத்தான் இல்லாமல் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைத் தொடாமல், அண்ணன் எழுதியிருந்ததைச் சொன்னார்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூலையில் மஞ்சள் என்றால் நல்ல சேதி. விளிம்பில் கறுப்பு என்றால் சாவுச் சேதி. கறுப்பு வந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வைத்துப் படித்துக் கிழித்துப் போடவேண்டும். ஊரில் கவரைப் பிரித்ததும் நான்கு பக்கமும் கறுத்த கரை எட்டிப் பார்த்திருக்கிறது. அவருடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிங்கப்பூர் ஸ்டாம்பும் கறுப்புக் கரையும் போதும் அல்லவா? தெருவில் விழுந்து, மகன் பெயரைச் சொல்லி மாரடித்து அழுதிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. யாரோ எடுத்துப் படித்து, இது கல்யாணப் பத்திரிகை என்று சொல்வதற்குள் தலையில் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

"அம்மா எனக்காக ஒப்பாரி வச்சு முடிச்சிட்டாங்க மாமா. ஒப்பாரி வச்ச வாயால எப்படிடா வாழ்த்துவேன்னு கேக்குறாங்க" என்றார்.

அப்பா தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அக்காதான் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவரிடம் அவள் நேருக்கு நேர் பேசியது அன்றுதான்.

"அவங்க சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு லா, தனம்."

அவரைத் திட்டவேண்டும் என்று இத்தனை வருஷமாக முயல்கிறேன், முடியவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்காக அழுது தீர்த்த அந்த அம்மாவையும் திட்ட முடியவில்லை. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் போனபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்தவையும் கறுத்திருந்தன. அக்கா ஒன்றை எடுத்து விரலால் துடைத்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. மறுநாளே காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, கோந்தில் கொஞ்சம், கஞ்சியில் கொஞ்சம், வினிகர் சேர்த்ததில் கொஞ்சம் என்று பொன்பொடியைத் தீட்டி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். வருகிறவர்கள் திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, மற்றவை மின்ன, கறுத்துப்போன கீற்றை மட்டும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வினிகர்டி. வெறும் வினிகர்."

அதைப் போய் யாரிடம் சொல்வது? மன்னார்குடிக்கு எழுதலாமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. சீப்பைக் கழுவித் தலைவாருகிற சீப்போடு வைத்தாள். அதற்குப் பிறகு கார்டு செய்யவில்லை.

வேறு வரன்கள் வந்தன. ஒப்பாரி விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். ராசியில்லாத கை என்று பெயர். என் கல்யாணத்தில் அக்கா ஆரத்தித் தட்டைத் தொடவில்லை. நான் கூப்பிட்டும் அடுக்களையை விட்டு வரவில்லை. ராஜமாணிக்கம் ஊருக்குப் போய் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா அப்பாவோடு குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் போய், அப்பாவுக்குப் பின் தனியாகவே இருந்து, தனியாகவே போனாள். அவள் பெயர் போட்டு அச்சடித்த ஒரே கார்டு கருமாதிக் கார்டு. விளிம்பில் கறுப்புக் கட்டம். அச்சகத்தில் போட்டது, ஒழுங்காக இருந்தது.

பஃபலோ ரோட்டில் அந்த மாடி இல்லை. வெங்காய மண்டி இல்லை, மீக்காரர் இல்லை, துணி கார்டு என்றால் யாருக்கும் தெரியாது. இவற்றுக்கெல்லாம் நான் அழுவதில்லை. போகிறவை போகட்டும்.

பழக்கதோஷத்தில், வந்த பத்திரிகையின் மூலைக்கு மஞ்சள் தடவினேன். கறுப்பில் மஞ்சள் தெரியவே இல்லை. அந்தப் பையன் வீடு வீடாகப் போய் இதைக் கொடுத்திருக்கிறான். வாங்கியவர்கள் உள்ளே கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்பார்கள். யாருக்கும் நெஞ்சு பதறவில்லை. அந்தப் பயம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டது. இத்தனை சுலபமாகப் போகக்கூடிய பயம், எங்கள் அக்கா இருக்கும்போதே போயிருக்கக் கூடாதா?